திருத்தம்

அச்சுத்தாள் கப்பலேறாத வருடம் அது.
பள்ளிக்கூடக் கொப்பித்தாளில் பேப்பர் அடித்தோம்.
செய்திக்குள்ளால் நீலக் கோடுகள் ஓடும்.
ஓரத்தில்
வாத்தியார் புள்ளி போடவென விட்ட
சிவப்பு மார்ஜின்.

நாவாந்துறையில் ஷெல் விழுந்த அன்று
தலைப்பைக் கோத்தவன் நான்தான்.
எழுவர் பலி.
பெரிய எழுத்துப் பெட்டியில்
'லி' ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.
ஒன்று போதுமாயிருந்தது.

இரவு சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி
பெடலைச் சுற்றச் சுற்ற
டைனமோவில் ரேடியோ முனகியது:
ஏழு பேர், உறுதிப்படுத்தப்படாத தகவல்.
கொழும்பு சொன்னது:
பொதுமக்கள் எவருமில்லை.
எனக்குக் கை ஓய்ந்தது.
செய்தியும் ஓய்ந்தது.

நாலாம் நாள் ஞானசீலி வந்தா.
ஆஸ்பத்திரித் துண்டை மேசையில் வைத்து
பறக்காமல் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு,
"எட்டு எண்டு போடுங்கோ."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அது பழைய செய்தி, தங்கச்சி.
மரண அறிவித்தல் ஒண்டு போடுவம்.
படம் வேண்டாமெண்டால் பாதிக் காசு.

"பிலேந்திரன் செத்தது ஊருக்கே தெரியும்.
அதை ஏன் அறிவிக்க?
உங்கட ஏழுதான் பிழை."

மண்ணெண்ணெய்க் கூப்பன் விபரத்துக்கும்
காணாமற்போன பசுமாட்டுக்கும் நடுவில்,
ஐந்தாம் பக்கத்தில்,
இரண்டு வரி இடம் பிடித்தேன்.
ஏழு என்பதை எட்டு எனத்
திருத்தி வாசிக்கவும்.

இப்போது லண்டனில் மருமகன் வீட்டில்
தடித்த அறிக்கை ஒன்று கைக்கு வந்திருக்கிறது.
வழுவழுத்த தாள். ஒரு கோடில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
நாவாந்துறை, ஏழு.
அடிக்குறிப்பில் எங்கள் பேப்பரின் பெயர்.
திகதி சரி.
முதற்பக்கம் என்றிருப்பதும் சரி.
ஐந்தாம் பக்கம் மட்டும் ஆர் புரட்டினது?

புரட்டியிருந்தாலும்தான் என்ன.
'ட்' எழுத்துத் தேய்ந்து போய்
புள்ளி விழவில்லை அன்றைக்கு.
எடடு என்று அச்சாகியிருந்தது.
நான் பார்க்கவில்லை. ஞானசீலிதான் பார்த்தா.
காசு குடுத்து இரண்டு பிரதி வாங்கி,
என் காதிலிருந்த பேனையைக் கேட்டு வாங்கி,
கந்தோர் வாசலில் நின்றபடியே
இரண்டிலும் புள்ளி வைத்தா.
மை காயுமட்டும் ஊதினா.

மிச்சம் ஆயிரத்து நானூறும்
அப்படியே விற்றுப்போனது.