பற்று நோட்டு

சாலையை மூடிய அன்று
ஹாரன் சத்தம் நின்றுபோனது.
ஹாரன்தான் எங்கள் வியாபாரம்:
ஒன்று அடித்தால் ஒரு கரக் டீ,
இரண்டு அடித்தால் சிப்ஸ் பரோட்டாவும்.
சிவப்பு வெள்ளைத் தடுப்புகளுக்குப் பின்னால்
சுஃபூ சாலை ஊமையாய்க் கிடந்தது.
ஹம்ஸக்கோயா கல்லாவைத் திறந்து பார்த்தார்,
மூடினார், மறுபடி திறந்து பார்த்தார்.

தடுப்பின் இடுக்கு வழியே முதலில் வந்தவர்கள்
தரைக்கடியில் என்ன இருக்கிறதென்று தேடுகிறவர்கள்.
தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய்,
எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு கேபிள்.
அவர்களிடம் சில்லறை இல்லை.
நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

இந்த ட்ராம் எப்படி வளர்ந்ததென்று
கம்பெனியில் கேட்டால் படம் காட்டுவார்கள்.
என்னிடம் கேட்டால் நோட்டு.

ராம்பிரவேஷ், டீ மூன்று.
ராம்பிரவேஷ், டீ மூன்று, முட்டை ஒன்று.
குழி ஆழமாக ஆக முட்டையும் கூடியது.

ஒன்பதாம் பக்கம் கான்கிரீட்.
பகல் சூட்டில் ஊற்றினால் வெடித்துவிடுமாம்,
ஐஸ் போட்டுக் கலந்தாலும்.
அதனால் அந்தப் பக்கம் முழுக்க விடிகாலை மூன்று மணி.
கையெழுத்து என்னுடையதுதான்,
பாதி வரிகள் தூக்கத்தின் கோணலில்.

பதினேழில் தண்டவாளம் வந்தது.
திருப்பத்தில் லாரி எங்கள் பெயர்ப்பலகையின்
ஒரு மூலையைக் கொண்டுபோயிற்று.
அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கோடையில் பன்னிரண்டரை முதல் மூன்று வரை
வெயிலில் வேலை கூடாதென்று சட்டம்.
தடுப்பின் நிழல் ஒரு முழம்.
அதில் பதினோரு பேர், ஒருக்களித்து.
அந்த நேரத்துக்கு லபான் மட்டும்,
வேறெதுவும் இறங்காது.

ஷஃபிகுல் வந்தது இருபத்திரண்டில்.
புருவமெல்லாம் இரும்புத் தூள்.
"வளைவில் சக்கரம் அழும், பாய்,
அழவிடாமல் தேய்ப்பது என் வேலை."
காலி கிளாஸின் விளிம்பில் கட்டைவிரலைச் சுற்றவிட்டுக் காட்டினான்,
இவ்வளவு வழவழப்பு.

பரமக்குடித் திருமேனி எலக்ட்ரீஷியன்.
மேலே கம்பியே கிடையாது என்றார்.
மேசையில் பிஸ்கட்டுகளை வரிசையாக அடுக்கி
மேலே தீப்பெட்டியை நகர்த்தினார்:
ட்ராம் எதன்மேல் நிற்கிறதோ
அந்தத் துண்டுக்கு மட்டும் கரண்ட்.
தாண்டியதும் செத்துவிடும், தொட்டாலும் ஒன்றும் ஆகாது.
"நம்ம கச்சவடமும் அதுதான்" என்றார் ஹம்ஸக்கோயா
ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தபடி.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி
முதல் ட்ராம் நடை வேகத்தில் வந்தது.
உள்ளே விளக்கு. உள்ளே கூட்டம்.
ஓடிப்போய்ப் பார்த்தேன்:
சீட்டுக்குச் சீட்டு மணல் மூட்டை.
ஆளுக்கு எழுபது கிலோ என்று கணக்காம்.
நிற்கிற இடத்திலும் மூட்டைகள்,
நெருக்கிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து,
ஆபீஸ் விட்டு வீடு திரும்புகிறவர்கள் போலவே.
நாங்கள் நாலைந்து பேர் கையசைத்தோம்.
ஓட்டிய மேரிசெல் மட்டும் பதிலுக்கு அசைத்தாள்.

தடுப்புகளைக் கழற்றிய வாரம்
நோட்டு முப்பத்தெட்டில் நின்றது.
பலபேர் தீர்த்துவிட்டுத்தான் போனார்கள்.
ஒருவன் சம்பளத்துக்கு முந்தைய நாள் போகும்படி ஆயிற்று,
வேறு நாட்டில் வேறு வளைவு:
ஷஃபிகுல், பதினொன்றரை திர்ஹம்.

கார்கள் திரும்பி வந்தன. நிறுத்த இடமில்லை.
ஹாரன் அடித்தால் இப்போது போலீஸ் பார்க்கும்.
ஸ்டேஷன் எங்களிடமிருந்து முந்நூறு அடிதான்,
ஆனால் அதன் வாய் அந்தப் பக்கம் பார்த்திருக்கிறது.

லீவு நாளில் கார்டு வாங்கி ஏறினேன்.
தின்றாலும் குடித்தாலும் அபராதமென்று
கண்ணாடியில் கோப்பைப் படம், குறுக்கே சிவப்புக் கோடு.
கோப்பையும் எங்கள் கடைக் கோப்பை மாதிரிதான் இருந்தது.
பக்கத்தில் ஒரு பெண் போனில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.
வளைவு வந்தபோது
அவள் சிரிப்பு கொஞ்சம் நின்றால் தேவலை என்றிருந்தது,
காதைக் கொடுத்துக் கேட்டேன்.

அழவில்லை.
கடைசியில் மட்டும், ஏதோ மூக்கை உறிஞ்சுகிற மாதிரி
ஒரு சின்னச் சத்தம்.
அதுவும் ஏசியாக இருக்கலாம்.

நோட்டு கல்லாவுக்கு அடியில் இருக்கிறது.
அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை.