ரசமட்டம்

முதல் நாளே ரசமட்டத்தைத் திருப்பிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

ஏப்ரல். மிட்லண்டில் கரையோரம் இன்னும் ஐஸ்.
இருபத்தெட்டு அடிப் படகு
கட்டைகளின்மேல் குந்தியிருக்கிறது, மூக்கைத் தூக்கி,
யாரோ ஒரு சொல் சொல்லிவிட்டதுபோல.
மேலே வெள்ளைப் பிளாஸ்டிக் போர்வை.
உள்ளே போனால் பால்வெளிச்சம்,
பெற்றோல், எலிமூத்திரம், நாற்பது வருசத்து ஈரம்.

பதினெட்டு வருசமாக
ரொறன்ரோ கொண்டோக்களில் குசினி அலுமாரி பொருத்துகிறவள் நான்.
முப்பத்தோராம் மாடியானாலும்
குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கும்வரை
ஆணி இறக்கமாட்டேன்.
இங்கே எதற்கு எது மட்டம்?
தரை படகோடு சரிந்திருக்கிறது,
படகு கட்டையோடு,
கட்டை உருகும் சேற்றோடு.
சுவரென்று ஒன்றில்லை, எல்லாம் வளைவு;
மூலைமட்டம் வைத்தால் ஒரு விரல் நுழையும்,
அடுத்த சாணில் இரண்டு விரல்.
கடைசியில் சீரியல் பெட்டிகளை வெட்டி
அட்டையில் அச்செடுத்தேன்.
பவானந்தன் ஒரு மாதமாகப்
பெட்டியில்லாத கோர்ன்ஃபிளேக்ஸ் சாப்பிட்டார்.

கூரை வினைல் தொங்கியது. இழுத்தேன்.
மக்கிய ஸ்பொஞ்ச்
மஞ்சள் மாவாய்த் தலையில் கொட்டியது.
அதற்குப் பின்னால், பிளைவுட்டில், பென்சில்:
"கோணல்தான். தெரியும். கோர்டன், 87."

ஆளை எனக்குத் தெரியாது.
அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டினவர் என்பதற்கு மேல்
படகை விற்ற மகள் சொல்லவில்லை.
ஆனால் மே முழுக்க அவரோடுதான் வேலை.
பாத்திரத் தொட்டிக்குக் கீழே:
"இந்தக் குழாய் எங்கே போகிறதென்று கேட்காதே."
(பின்னாலேயே போய்ப் பார்த்தேன். எங்கேயும் போகவில்லை.)
ஐஸ்பெட்டிக்குப் பின்னால் ஒரு தொலைபேசி எண்,
ஏழே இலக்கம், பெயரில்லை.
இடப்பக்கக் கட்டிலடியில்,
விரல் பட்டாலே கேக்போல உள்வாங்கும் பலகையில்:
"அடுத்த வருசம்."

அதற்கு மட்டும் கோபம் வந்தது.
அந்த அடுத்த வருசம் நான்தான்,
முழங்காலில் நின்று, உளியால் சுரண்டி,
எபொக்ஸி குழைத்து,
முகமூடிக்குள் தூஷணம் பேசிக்கொண்டு.

பவானந்தன் தண்ணீர் ஆள் இல்லை.
பற்றுச்சீட்டுகளை ரப்பர் போட்டுக் கட்டுவார்,
உப்புத்தாளால் தேய்ப்பார், வாசலருகில் இருந்தபடி.
மூக்குப்பக்க அறைக்குள் தலைகூட நீட்டியதில்லை.
மெத்தைத் துணிக்கு என்ன நிறம்? உன் விருப்பம்.
விளக்கு? உன் விருப்பம்.
ஒருநாள் அங்கிருந்தே, கட்டிலுக்கு மேலுள்ள
சதுரக் கூரைக்கதவைப் பார்த்துக் கேட்டார்:
"அது உள்ளேயிருந்து திறக்குமா?"

திறக்காது. பித்தளைக் கொண்டி பச்சை பிடித்து இறுகியிருந்தது.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
தொண்ணூற்றைந்தில் அவருக்குப் பதினொரு வயது;
அவர்களின் பதுங்குகுழிக்கு வாசல் ஒன்றுதான்
என்பதற்கு மேல் அவர் சொன்னதில்லை,
நானும் தோண்டினதில்லை.

இரண்டு சனிக்கிழமை அந்தக் கொண்டிக்கே போனது.
வினாகிரி, உப்பு, பழைய பல்துலக்கி.
சட்டத்தைக் கழற்றினால் அங்கேயும் கோர்டன்:
"இறுகும். தோளால் தள்ளு."
தள்ளினேன்.
போர்வை மடிப்பில் தேங்கியிருந்த மழை
மொத்தமாய் என் கழுத்துக்குள் இறங்கியது.

மூடும் பலகைக்குப் பின்னால் நானும் எழுதினேன், தமிழில்.
என்ன என்று சொல்லப்போவதில்லை.
இனிப் பிரிக்கிறவருக்கு வாசிக்கத் தெரிந்தால்
என்னைத் திட்டட்டும்.

ஜூன் கடைசியில் படகை நீரில் இறக்கினார்கள்.
ரசமட்டத்தை எடுத்துக் குசினித் தட்டில் வைத்தேன், சும்மா.
எப்போதோ கடந்துபோன யாரோ ஒருவரின் அலைக்குக்
குமிழி அங்குமிங்கும் ஓடியது.
மூக்குப்பக்கம் சத்தம்.
பவானந்தன் புது மெத்தையில், சப்பாத்தும் காலுமாய்.
எழும்பித் தோளால் தள்ளினார். திறந்தது.
மூடினார். படுத்தார்.
மறுபடி எழும்பித் தள்ளினார்.
நான் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்தேன்.
திறக்கிற சத்தம். மூடுகிற சத்தம்.
எத்தனை தடவை என்று எண்ணவில்லை,
சப்பாத்தைக் கழற்றச் சொல்லவுமில்லை.