மூன்றாவது வரி

உரக்கடை கலண்டரின் ஜனவரித் தாளில்
பின்பக்கம் எழுதினேன்:
ஒன்று, விடிய எழும்பி நடக்கிறது.
இரண்டு, கடைச் சாப்பாட்டை விட்டுச் சமைக்கிறது.
மூன்று, புதிதாக ஒரு பொழுதுபோக்கு.
மூன்றுக்கு எதிரே ஒன்றும் வரவில்லை.
பேனையை உதறிப் பார்த்தேன்.
பிழை பேனையில் இல்லை.

எல்லாம் கிளினிக் மிஸியால் வந்தது.
சீனி இருநூற்றுப் பதினொன்று என்று
கொப்பியில் எழுதிவிட்டு
என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தா,
கமநல நிலையத்துக்கு வருகிற
ஈர நெல்மூட்டையை நான் பார்ப்பது போல.

ஜனவரி பிறந்தாலும்
முத்தையன்கட்டில் மார்கழி முடியவில்லை.
குளக்கட்டில் பனி.
எங்கேயோ வான் பாயும் சத்தம்.
நோர்வேயிலிருந்து வதனி அனுப்பிய மணிக்கூடு
நான் வைக்கிற ஒவ்வொரு அடியையும் எண்ணியது.
இதற்கு முன் என் அடியை எண்ணியவர்
கணக்கு வாத்தியார் ஒருவர்தான்.

சமையல் வேறு கதை.
ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி?
எங்கள் வீட்டில் ஒருவரும் அளந்ததில்லை.
முகாமில் அளந்தார்கள்.
அந்தச் சுண்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது,
அதால் நான் அளக்கமாட்டேன்.
கைப்பிடியால் போட்டேன்,
மூன்று நாளுக்குச் சோறு கிடந்தது.
பிறகு குரக்கன் புட்டு.
கொதிதண்ணீர் கூடிவிட்டது.
நீத்துப்பெட்டியைக் கவிழ்த்தால்
விழுந்தது புட்டில்லை, பெட்டியின் அச்சு.
பக்கத்து வளவு ஓட்டோ றெஜினோல்ட்
வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.
"படிக்கட்டுக்கு ஒரு கல்லு குறையுதெண்டனியே,
இது காணும்."

அன்று பின்னேரம் ஒட்டுசுட்டான் சந்தியில்
கொத்துரொட்டி அடிக்கிற தாளம்
என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.
மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு
சைக்கிளை உழக்கினேன்.

ஐந்தாம் நாள்
பாலைமரத்தடியில் இருட்டு அசைந்தது.
இருட்டுக்குக் காது இருந்தது.
நான் திரும்பினேன் என்று சொல்லமாட்டேன்,
குளக்கட்டுத்தான் திரும்பிக்கொண்டது.
ஒரு செருப்பு அங்கேயே.
படலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க
மணிக்கட்டில் மணிக்கூடு துள்ளியது,
சின்னதாக ஒரு வாணவேடிக்கை:
வாழ்த்துகள்,
இன்றுதான் உங்கள் மிகச் சிறந்த நாள்.

"சத்தம் போட்டுக்கொண்டு போடா," என்றான் றெஜினோல்ட்.
"யானை மரியாதையான சாமான்.
ஆள் வருதெண்டு தெரிஞ்சால் விலத்திப் போகும்."
என்ன சத்தம் போட?
பாட்டு எனக்கு வராது.
ஆரையாவது கூப்பிடலாம்,
காடு கேட்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
வர இயலாத ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருகினம்.
சரி, விசில் அடிப்போம் என்று நினைத்தேன்.

விசில் அடிக்கிற வயதில்
நாங்கள் சத்தம் போடாமல் இருக்கத்தான் பழகினோம்,
மண்மூட்டைக்குக் கீழே,
இருமலையும் விழுங்கி.
நாற்பத்திரண்டில் உதட்டைக் குவித்தால்
முதலில் வெறும் காற்று,
ரியூப் ஒழுகுகிற மாதிரி.
பிறகு எச்சில்.
ஒரு கிழமைக்குப் பிறகு, எனக்கே தெரியாமல்,
கீச்சென்று ஒன்று
கூராகப் புறப்பட்டுத்
தண்ணீருக்கு மேலால் அக்கரைக்குப் போய்
திரும்பியும் வந்தது.
நீர்க்காகமொன்று தலையைத் திருப்பிப் பார்த்தது.
இன்னொரு தரம் அடித்தேன்.
யானைக்காக இல்லை.

நேற்றுப் புட்டு உதிர்ந்தது.
முழுக்க இல்லை,
நடுவில் ஒரு கட்டி, அதை நாய் தின்றது.
வல்லாரைச் சம்பலில் பச்சைமிளகாய் கூடி
கண்ணீர் வரச் சாப்பிட்டேன்,
கோப்பையில் ஒன்றும் மிச்சமில்லை.

பெப்ரவரி பிறந்து பத்து நாள்.
தாளைக் கிழித்தால் பின்பக்கமும் போய்விடும் என்று
சுவரில் இன்னும் ஜனவரியே தொங்குகிறது.
மூன்றாவது வரி வெறுமையாகத்தான் இருக்கிறது,
எழுத நேரம் கிடைக்கவில்லை.

பதினாறாம் திகதி கிளினிக்.
சீனி இறங்கியிருக்குமோ தெரியாது.
என் பயம் வேறு:
வாங்கில் இருந்து நம்பருக்குக் காத்திருக்கும்போது
என்னை அறியாமல் உதடு குவிந்தால்
மிஸி பேசுவா.