தலைமாட்டு நாற்காலி

முகம் பார்த்துச் செய்கிற வேலையில்லை இது.
நான் பார்ப்பதெல்லாம் உச்சந்தலை.
திங்கள் எட்டு மணிக்கு நரைக்கத் தொடங்கிய வகிடு,
ஒன்பதுக்குச் சாயம் வெளுத்த செம்பட்டை,
பத்தரைக்கு ஒரேஸ்தே பனியாகுவா:
இரட்டைச் சுழி, நடுவே காசளவு வழுக்கை.

ஏழு மாதமாக வருகிறார், படுக்கிறார், பேசுவதில்லை.
தலையணை மேல் நான் விரித்த காகிதத்தை
எழும்போது அவரே மடித்துக் கூடையில் போடுகிறார்,
தடயம் அழிப்பவர் போல.
ஒருநாள் சொன்னார்: "கூரையில் விரிசல் வளர்ந்திருக்கிறது."
அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன்.

வியாழன்தோறும் என் குறிப்புகளைச் சரிபார்க்கும் நெலிதா
என்னைவிட ஒன்பது வயது இளையவள்.
(பத்திரப் பதிவு ஆபீசில் இருபது வருடம் முத்திரை குத்திவிட்டு
நாற்பத்தெட்டில் இதைப் படிக்க வந்தவள் நான்.)
நான்கு பக்கத்தையும் கேட்டுவிட்டு
மாத்தேயை ஒரு இழுப்பு இழுத்தாள்.
"பூச்சுவேலைக்காரனைக் கூப்பிட்டுப் பார்த்தாயா?"

என் பங்குக்கு நானும்
வாரம் நான்கு நாள், ஊரின் மறுகோடியில்,
இன்னொருவரின் மெத்தையில் படுக்கிறேன்.
அவர் இந்த மாதம் கட்டணத்தை ஏற்றினார்.
நான் ஒரேஸ்தேயிடம் ஏற்றினேன்.
பேருந்துக் கட்டணமும் ஏறியது.
அதில் ஏறித்தான் படுக்கப் போகவேண்டும்.

புதன்கிழமை. மழை. பையில் அட்டையைத் தேடிக்கொண்டே
இறங்குமிடம் சொன்னேன். ஓட்டுநர் பொத்தானை அழுத்தினார்.
முதல் இருக்கையில் உட்கார்ந்து நிமிர்ந்தால்
இரட்டைச் சுழி.

அதே தூரம். அதே கோணம்.
விளக்கு மட்டும்தான் வேறு.

என்னமாய்ப் பேசுகிறார் மனிதர்!
கிழவர் ஒருவரின் முழங்காலை விசாரிக்கிறார்,
குறுக்கே வந்த டாக்சியின் தாயை இழுக்கிறார்,
பள்ளிப் பையன்களோடு நேற்றைய பெனால்டிக்குச் சண்டை.
ஏழு மாதம் எனக்குத் தராததெல்லாம்
சில்லறையாக வழி நெடுக இறைகிறது.
பொறாமை என்று அதற்குப் பெயர்.
பாடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் என்றும் தெரியும்.

மணியடித்து இறங்கிவிட்டேன்.
ஜக்கராந்தா பூ ஒட்டிய செருப்போடு
பதினோரு நிமிடம் தாமதமாகப் போய்ப் படுத்து
மீதி நேரம் முழுக்க
ஈரமான குடையைப் பற்றிப் பேசினேன்.

திங்கள், பத்தரை.
கூரை. விரிசல். கீழே யாரோ லிஃப்ட் கதவை
இழுத்து இழுத்துச் சாத்துகிறார்கள்.
கடைசி நிமிடத்தில் சுழி லேசாக அசைந்தது.

"நீங்கள் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டீர்கள்.
அங்கே வரைக்கும் சீட்டு போட்டிருந்தேன்."

குரல்.
அவரிடம் என்னுடையதாக இருந்தது அது ஒன்றுதானே,
எப்படி மறந்தேன்.

நேரமாகிவிட்டது என்று சொல்லவேண்டும்.
விதி அது, அவருக்கும் தெரியும்.
"ஆமாம்" என்றேன்.
எதற்கு ஆமாம் என்று நெலிதா கேட்பாள்.

காகிதத்தை மடிக்காமல் போயிருந்தார்.
தலை அழுந்திய பள்ளம் அப்படியே கிடந்தது.
பதினொன்றரைக்காரி மணியை அடித்தாள்.
மறுபடி அடித்தாள்.