உன் கதவு மூடியிருக்கே

உச்சிப்புளி ரயில்வே கேட்டுக்கு மேற்கே
என் செல்போன் கடை.
காலையில் தலைக்கு மேல் டோர்னியர் ஒன்று போகும்.
கண்ணாடி அலமாரியில் சார்ஜர்கள் நடுங்கும்.

ஒன்பது வருடம் அண்ணாந்து பார்த்ததில்
அதன் அடிவயிறு எனக்கு மனப்பாடம்.
எண்ணெய் வழிந்த கோடு எங்கே வளைகிறது
என்றுகூடச் சொல்வேன்.
முதுகு தெரியாது.
முதுகு பருந்துகளுக்குத்தான் தெரியும்.

எழுபத்திரண்டில் ஒன்றாக அதைச் செய்கிறேன்.
இறக்கை, முனைக்கு முனை, என் கையால் ஒரு சாண்.
பெட்டியில் வந்த பிளாஸ்டிக் உடம்பு
தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி மொழுமொழுவென்று இருந்தது.
மீதியெல்லாம் நானே.

செத்த நோக்கியாவின் அதிர்வு மோட்டாரைப் பிரித்தால்
முடியைவிட மெலிந்த செம்புக்கம்பி வரும்:
சக்கரத்துக்கு பிரேக் குழாய்.
இன்சுலின் ஊசியின் முனை
காற்றின் வேகம் அளக்கும் மூக்கு.
மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் இருக்கை வார்.
வாரின் கொக்கியை
ஒரு பெருமூச்சில் தொலைத்தேன்,
இன்னொன்று செய்து அதையும் ஒரு தும்மலில்.

ஆன்டெனாவுக்கு நரம்பு வலையில் ஓர் இழை உருவினேன்.
எழுபத்திரண்டால் பெருக்கிப் பார்த்தால்
வல்லம் கட்டும் வடக்கயிறு!
தூக்கிப் போட்டுவிட்டு
பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி இழுத்தேன்.
இழுக்க இழுக்க மெலிந்து,
மின்விசிறியை நிறுத்தியும்
கச்சான் காற்று ஜன்னல் இடுக்கில் நுழைந்து
அதை அறுத்துப் போனது.
பதினாலாவது இழை நின்றது.

விமானி முன்னால் பதினொரு கடிகார முகங்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு முள்.
ஒன்றைத் தலைகீழாய் ஒட்டிவிட்டேன்.
உடம்பை மூடினால் தெரியாது.

"மூடப்போறதுக்கு எதுக்கு முள்ளு?"
என்றாள் தங்கை கமருன்னிசா.
அவளே,
"ஆமா, கொடலப் பாத்துட்டா
மனுசனுக்குச் சோறு போடுறோம்?"
என்று சொல்லிவிட்டு டீயை வைத்துப் போனாள்.

மூடினேன். புட்டி பூசித் தேய்த்தேன்.
சாம்பல் பெயின்ட் மூன்று பூச்சு.
முதுகில் என்னென்ன இருக்கும் என்று
யூகமாய் இரண்டு புடைப்பு.

அப்போதுதான் நம்புவேல் வந்தான், தோணித்துறைக்காரன்.
பிளாஸ்டிக் பையில் அவன் போன்,
போர்டெல்லாம் உப்பு பூத்து, பச்சை.
எஞ்சின் நின்று மூன்று நாள்
வாடையில் மிதந்தவன்.
அரிசிக்குள் புதைத்து வைத்தானாம் போனை.
அரிசி என்ன செய்யும்?

மேஜை மேல் விமானத்தைப் பார்த்தான்.
தொடவில்லை.
குனிந்து, கன்னத்தை மேஜையில் வைத்து
கீழிருந்து பார்த்தான்.

"இதுதான் வந்துச்சு. தாழ வந்து, சாஞ்சு திரும்புச்சு."
சாய்ந்ததா?
எனக்கு நாக்கு வறண்டது.
"அப்ப முதுகு தெரிஞ்சிருக்குமே? முதுகுல என்ன இருந்துச்சு?"
"யாரு பாத்தா.
கதவு தெறந்திருந்துச்சு. ஒரு ஆளு கை காட்டுனான்.
கையத்தான் பாத்தேன்."
நிமிர்ந்தான்.
"ஒன் கதவு மூடியிருக்கே."

அன்று இரவு ஷட்டரை இறக்கிவிட்டு
புது பிளேடு போட்டு
மூன்று பூச்சையும் புட்டியையும் சேர்த்து
கதவை அறுத்தேன்.
கோணலாய்த்தான் வந்தது.
உள்ளே டார்ச் அடித்தால்
வெகு தூரத்தில், இருக்கைகளுக்கு அப்பால்,
தலைகீழ் முள்.
இருக்கட்டும்.

கை செய்ய வேண்டும்.
கணக்குப்படி உள்ளங்கை ஒரு கேழ்வரகு.
ஐந்து செம்பிழைகள், நடுவில் ஒரு சொட்டு ஈயம்.
முதல் கை கரண்டி.
இரண்டாவது நண்டு.
மூன்றாவதை லென்ஸ் விளக்கின் கீழ் திருப்பியபோது
விரல்கள் பிரிந்து நின்றன,
கட்டைவிரல் சற்றே தள்ளி.

கட்டைவிரல் எந்தப் பக்கம்?
வலக்கையா, இடக்கையா,
கேட்கவே இல்லையே.
மணி பதினொன்றரை. இருந்தாலும்
ரசீதுப் புத்தகத்தில் நம்பரைத் தேடி
கூப்பிட்டுவிட்டேன்.

அணைக்கப்பட்டுள்ளது என்றது ஒரு குரல்.
முழங்கைக்குப் பக்கத்துத் தட்டில்,
ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டு,
பிரித்த மேனிக்குக் கிடந்தது
அவன் போன்.