வெள்ளிக்கு முன்

ஹெர்ம்ஸ்டோர்ஃப், வியாழன் இரவு.
சன்னலுக்கு வெளியே ஆட்டோபானில் லாரிகள்
பெர்லினுக்கோ பவேரியாவுக்கோ.
உள்ளே என் மேசையில் எட்டுத் தாள்கள்,
பீங்கான் மாவும் பிசினும் குழைத்து இழுத்தவை.
இங்கே இவற்றைப் பச்சைத்தாள் என்கிறார்கள்.
நிறம் வெள்ளைதான்.
புதிதாய் வந்தவர்களுக்கு விளக்கம் சொல்வார்கள்,
எனக்குத் தேவைப்படவில்லை.
வேகாததெல்லாம் நமக்குப் பச்சை.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது.
ஆகவே பச்சையாய் இருக்கும்போதே
துளையிட்டு, வெள்ளிப் பசையால் கோடிழுத்து,
அடுக்கி, அழுத்தி
எட்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும்.
மீதியை நெருப்பு பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொள்ளாது.
போன மாதம், சரியாக வேகவில்லை என்று
அடுப்பை ஆயிரத்துக்கு ஏற்றினான் ஃபால்கோ.
பீங்கான் அழகாய் வெந்திருந்தது.
வெள்ளிதான்
தொள்ளாயிரத்து அறுபத்திரண்டிலேயே கைவிட்டிருந்தது.
கோடு இருந்த இடத்தில்
கடுகு கடுகாய் மணிகள்.
இருபத்தாறு அலைவடிப்பான்கள்.
யாரும் யாரையும் திட்டவில்லை.
ஒரு மணியைத் தீப்பெட்டியில் போட்டு
மகளுக்குக் கொண்டுபோனான்.

இன்றைய மாவில் போரானும் பிஸ்மத்தும் சேர்ந்த
கண்ணாடிப்பொடி, கொஞ்சம்.
முதலில் அது இளகும்,
துகளுக்கும் துகளுக்கும் நடுவே புகுந்து
இழுத்துக் கட்டும்.
கூடிப்போனால் உள்ளே வரும் அலை
பாதி வழியிலேயே களைத்துவிடும்.
எண்ணூற்று எழுபதில் எல்லாம் முடிய வேண்டும்,
வெள்ளிக்கு முன்.

உல்மிலிருந்து இரண்டு மின்னஞ்சல்கள்:
சரக்கு அவர்களுக்கும் வெள்ளிக்கு முன் வேண்டுமாம்.
இந்தச் சிலேடையை ஃபால்கோவுக்கு ஜெர்மனில் சொல்லப் பார்த்தேன்.
உலோகம், கிழமை என்று விளக்கி முடிப்பதற்குள்
அவன் காபி எடுக்கப் போய்விட்டான்.

ஐந்தேமுக்காலுக்கு அடுப்பு ஆறியது.
நூறு மில்லிமீட்டர் எண்பத்தாறாகியிருக்கிறது.
எண்பத்தாறரை என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கம்பியை இணைத்தேன். திரையில்
நேராய்ப் போன கோடு
ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது.
சூட்டுத்தட்டில் வைத்து எண்பது டிகிரி காட்டினேன்,
குளிர்பெட்டியில் மைனஸ் நாற்பது.
பள்ளம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.
நான் கையுறை தேடிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளி?" என்றான் ஃபால்கோ,
தமிழில்.
இருக்கிறது, என்றேன், போட்ட இடத்தில்.

கிழக்கே மேகம். விடிவெள்ளி
இருந்தாலும் தெரிந்திருக்காது, நவம்பர்.
கேட்டது பத்து கிகாஹெர்ட்ஸ்,
வந்தது அதற்கு ஐம்பத்தெட்டு மெகாஹெர்ட்ஸ் மேலே.
உல்முக்கு எழுத உட்கார்கிறேன்.
அன்புள்ள, என்று தொடங்கி
அழித்துவிட்டு
எண்ணிலிருந்து தொடங்குகிறேன்.