ஒன்றரை நாள்

காய்ச்சல் சார்ட்டின் பின்பக்கத்தில்
ஷமீமா ஒரு பேரரசைப் பங்கு போட்டாள்.
சனி காலை விருபாட்சர், மதியம் யானைக் கொட்டில்,
ஞாயிறு விடியலில் மலையேறிச் சூரியன்,
பத்துக்குள் கல்தேர்.
"ராணி குளிக்கிற இடம்?" என்றாள் மாதேஸ்வரி.
"நேரமிருந்தா."

இருநூறு வருஷம் ஹம்பியில் கொலுவிருந்தவர்களுக்கு
நாங்கள் ஒதுக்கியது ஒன்றரை நாள்.
அதற்கே
மூன்று நைட் டூட்டி கைமாற வேண்டியிருந்தது,
என் பொங்கல் லீவை ஜெசிந்தாவுக்கு
எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது,
இன்சார்ஜ் சிஸ்டரின் முகம்
ஒரு வாரம் முழுக்கத் தெளிவாய் இருக்க வேண்டியிருந்தது.

தர்மபுரியில் வெள்ளி மதியம் பஸ்,
ஓசூர் நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கழித்துக்கொள்,
பெங்களூரில் ராத்திரி ரயில்.
சீருடையைப் பையில் திணித்துக்கொண்டு
பஸ்ஸிலேயே மனுஷியாகிவிடுவது என்று முடிவு.

டிக்கெட் வந்தது.
காத்திருப்போர் பட்டியலில்
இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று.

எலும்பு முறிவு வார்டில், பதினாலாம் படுக்கையில்
ஹொசப்பேட்டைப் பையன் ஒருவன் கிடந்தான்.
தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரிக்கு
க்ளீனர். பேர் ஹனுமேஷ்.
தொடைக்குள் கம்பி.
மாதேஸ்வரிக்கு அஞ்செட்டிக் கன்னடம் வரும்.
ஊசி போடப் போனவள்
ஹம்பியில் ஆட்டோ என்ன ரேட் என்று கேட்டாள்.

"நான் உள்ளே போனதேயில்லக்கா.
ரோட்டுல போறப்ப பாறை தெரியும்.
ஸ்கூல்ல டூர் போன அன்னைக்கு எனக்கு அம்மை."
கொஞ்சம் பொறுத்து அவன் கேட்டான்:
"உங்க ஊர்ல பாக்க என்ன இருக்கு?"

ஒகேனக்கல் என்றோம் மூவரும், ஒரே மூச்சில்.
"அது தூரம்னு சொன்னாங்களே. ஊருக்குள்ள?"

டிரிப் ஸ்டாண்டைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
ஜன்னலுக்குக் கீழே
அதியமான்கோட்டை டவுன் பஸ்
ஆளேற்றிக்கொண்டிருந்தது.
ஐந்து வருஷமாய் அதில்தான் வீட்டுக்குப் போகிறேன்.
கோட்டை என்றால் எனக்கு ஸ்டாப்பிங்.
இறங்கினால் கோழிக்கடை, பஞ்சர் கடை,
சந்துக்குள் மூன்றாவதாய் என் வாடகை வீடு.
தகடூர் என்பது
பத்தாம் வகுப்பில்
இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு வந்தது.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

அந்த வாரம் முழுக்க, ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல்
மணிக்கொரு தடவை போனைப் பார்த்தோம்.
புதன்கிழமை பதினொன்று.
வியாழன் ஐந்து.
வெள்ளி காலை
ஒன்று, இரண்டு, மூன்று
என்று வரிசையாய் வந்து நின்றது.
எங்கோ யாரோ மூன்று பேருக்கு
லேசாய்க் காய்ச்சல் வரட்டும் என்று
நர்ஸுகள் மூவர் வேண்டிக்கொண்டோம்.
கர்நாடகத்தில் அன்றைக்கு எல்லோரும் நல்ல சுகம்.

பிடித்தம் போகப் பணம் திரும்பியது.
கைமாறிய டூட்டிகள் திரும்பவில்லை.
ஷமீமா பர்ஸிலிருந்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்துத்
திருப்பிக் காட்டினாள்.
பின்பக்கம் கல்தேர்.
"நல்லாப் பாத்துக்குங்கடி, டூர் முடிஞ்சது."
அதைக் கொடுத்து மூன்று டீ குடித்தோம்.
பாக்கி பதினாலு ரூபாயை அவளே வைத்துக்கொண்டாள்.

ஹனுமேஷை அவன் மாமா வந்து அழைத்துப்போய்
ஒரு மாசம் இருக்கும்.
வார்டு போன் அடித்தது.

"அக்கா, ஹம்பி போய்ட்டு வந்தேன்.
தம்பி பைக்ல கூட்டிட்டுப் போனான்,
கட்டை ஊன்றிக்கிட்டே பாத்தேன்.
நீங்க அவ்வளவு கேட்டீங்களே.
ஆட்டோக்காரன் எழுநூறு சொல்வான்,
ஐந்நூறுக்கு வருவான்.
மலை மேல தண்ணி கிடைக்காது, பாட்டில் எடுத்துக்குங்க.
ராணி குளிக்கிற எடத்துல
சொட்டுத் தண்ணி இல்ல."

நிறுத்தினான். பிறகு,
"உங்க ஊர்ல ஒண்ணுமில்லன்னீங்களே,
தினம் ஜன்னலுக்குக் கீழ
ஒருத்தன் கோட்டே, கோட்டேன்னு கத்துவானே,
அது எந்தக் கோட்டேக்கா?"

மாதேஸ்வரி ரிசீவரைப் பொத்திக்கொண்டு
என் பக்கம் திரும்பினாள்.
"உன் ஸ்டாப்பிங்கைத்தான் கேக்கறான்.
என்னடி சொல்ல?"